பிரதிநிதியின் கையெழுத்து

அந்தப் பெண்கள் இல்லத்தில் முப்பத்திநாலு பேர் இருந்தார்கள். அதில் வக்கீல் என்றால் யாரென்று சமையற்கட்டுப் பூனைக்குக்கூடத் தெரியும். ஏழு வயதில் வந்து சேர்ந்தவளுக்கு இப்போது பதினேழு. "எல்லாருக்கும் ஒரே அளவு சோப்புன்னா, இடுப்பு வரைக்கும் முடி இருக்கிறவளுக்கும் மொட்டை அடிச்சவளுக்கும் ஒரே அளவாம்மா?" என்று பத்து வயதில் வார்டன் அம்மாவை மடக்கியதிலிருந்து அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பிறகு யாரும் அவளை வேறு பெயரில் கூப்பிடவில்லை.

அந்த வருஷம் மேலிடத்திலிருந்து இரண்டு உத்தரவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பாதிப்பேரையாவது வருஷ முடிவுக்குள் உறவினர்களிடம் சேர்த்துவிட வேண்டும் என்பது முதலாவது. பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பற்றி எடுக்கும் எந்த முடிவிலும் பிள்ளைகளுக்கும் பங்கு வேண்டும், அதற்கென்று நலத்துறைக் குழுவில் ஓர் இளையோர் பிரதிநிதி உட்கார வேண்டும், அவள் கையெழுத்து இல்லாவிட்டால் தீர்மானம் செல்லாது என்பது இரண்டாவது. முதல் உத்தரவுக்கு ஆள் வேண்டும், வண்டி வேண்டும், வீடு வீடாக அலைய வேண்டும். இரண்டாவதுக்கு ஒரு நாற்காலி போதும். அதனால் இரண்டாவதை உடனே நிறைவேற்றிவிட்டார்கள்.

வார்டன் அம்மா வக்கீலின் பெயரைக் கொடுத்தது அவள் கெட்டிக்காரி என்பதற்காக இல்லை. மாதம் ஒருமுறை அங்கே போய்ப் பேசினால் இங்கே பேச்சு குறையும் என்று நினைத்தார். வக்கீலுக்கு அது தெரியாது. அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. புது நோட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு நான்கு அறைகளுக்கும் போனாள். உனக்கு என்ன ஆகணும், எங்கே போகணும், யாரிடம் போகவே கூடாது என்று ஒவ்வொருத்தியாக உட்கார வைத்துக் கேட்டாள். சிலர் சிரித்தார்கள், சிலர் அழுதார்கள். ஒருத்தி விமானம் ஓட்டணும் என்றாள். இன்னொருத்தி தன் அம்மா எந்த ஜெயிலில் இருக்கிறாள் என்று மட்டும் கேட்டுச் சொன்னால் போதும் என்றாள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டாள்.

பட்டாணி சொன்னது ஒரே வரி. உருண்டை முகத்தோடு ஒன்பது வயதில் இருந்த அந்தப் பெண் முன்பு ஒரு வருஷம் தன் பெரியப்பா வீட்டில் இருந்தவள். பெரியப்பாவுக்குச் சலவைக் கடை. அவளுடைய இடது முழங்கைக்குக் கீழே இஸ்திரிப்பெட்டியின் முனை அப்படியே பதிந்திருந்தது. கை தவறிப் பட்டதென்றால் அவ்வளவு தெளிவாகப் பதியாது.

"பெரியப்பா வீட்டுக்கு மட்டும் வேண்டாம்க்கா. வேற எங்க வேணா அனுப்பச் சொல்லு."

வக்கீல் அதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டாள்.

குழு கூடும் இடம் நலத்துறை அலுவலகத்தின் மூன்றாவது மாடி. சுவரில் ஏ.சி. ஒழுகிக்கொண்டிருந்தது, கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி. நீள மேஜையின் தலைமாட்டில் தலைவர் உட்கார்ந்திருந்தார். ஏதோ பெரிய உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, தலை சுற்றுகிற சென்ட் வாசனை. அவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள். அவர்கள் தலைவர் சிரித்தால் சிரித்தார்கள், இருமினால் தண்ணீர் நகர்த்தினார்கள். மேஜையின் மறுகோடியில் கிளார்க், அவருக்குப் பக்கத்தில் வக்கீலின் நாற்காலி. தலைவர் எழுந்து வந்து அவள் தலையில் கையை வைத்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றார். போட்டோ எடுத்து முடித்த பிறகும் அந்தக் கை கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

ஒரு மணி நேரம் அவர்கள் பேசியது எதுவும் அவளை நோக்கி வரவில்லை. டீக்காக எல்லோரும் எழுந்துகொண்டபோதுதான் தலைவர் அவள் பக்கம் திரும்பி, மனசில் என்ன இருக்கிறதோ சொல்லும்மா என்றார். அவள் நோட்டைப் பிரித்தாள். நேரமில்லை, ஒன்றே ஒன்று சொல் என்றார். எதைச் சொல்வது என்று பதறிப்போய், மூன்று குளியலறைகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று சொன்னாள்.

ஒரே வாரத்தில் புதுத் தாழ்ப்பாள்கள் வந்துவிட்டன. பெண்கள் அவளைத் தூக்காத குறை. வேலை இல்லாதவர்கள்கூட உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்கள். அந்தத் தாழ்ப்பாள்தான் அவளை ஏமாற்றியது. சொன்னால் நடக்கும் என்று நம்பிவிட்டாள். இரண்டாவது கூட்டத்தில் படிக்கிற அறைக்கு விளக்கு கேட்டாள், அதுவும் வந்தது. மற்றதெல்லாம் முறை வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நோட்டைப் பத்திரமாக வைத்திருந்தாள்.

மூன்றாவது கூட்டத்தில் கிளார்க் அவள் முன்னால் ஒரு கட்டுக் காகிதத்தை நகர்த்தினார். தாளின் மூலைகள் மட்டும் தெரிகிற மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தார். மூலையில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி. "இங்க போடும்மா. இங்க. இங்க." அவர் விரல் போன இடமெல்லாம் அவள் கையெழுத்துப் போட்டாள். என்ன சார் இது என்று கேட்காமல் இல்லை. வழக்கமான ஃபார்ம்தான் என்றார். தலைவர் அந்த நேரத்தில் ஒரு ஃபைலிலிருந்து குண்டூசியை உருவிப் பல்லைக் குத்திக்கொண்டிருந்தார். குத்தி முடித்ததும் அதே ஊசியை அதே ஃபைலில் திரும்பச் செருகினார்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் பட்டாணியின் பெரியப்பா வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு துணிப்பை, முகத்தில் ரசீது வாங்கிப்போக வந்தவரின் அவசரம். பட்டாணியின் இரண்டு கவுன்களும் ஒரு ஜோடிச் செருப்பும் பைக்குள் போய்விட்டன. வக்கீல் ஓடி வந்து, இவள் போகமாட்டேன் என்று சொல்லியிருக்கிறாள், நான் எழுதி வைத்திருக்கிறேன் என்று வார்டன் அம்மாவிடம் சொன்னாள். வார்டன் அம்மா மேஜை டிராயரைத் திறந்து ஒரு தாளை எடுத்து அவள் முகத்துக்கு நேராகப் பிடித்தார்.

"இது உன் கையெழுத்துதானே? உங்க பிரதிநிதியே போட்டுக் குடுத்தாச்சு. இனிமே நான் என்ன பண்ண?"

பட்டாணி அழவில்லை. வாசற்படியில் நின்று திரும்பி, "நீ எழுதிக்கிட்டியேக்கா" என்று மட்டும் கேட்டாள். குற்றம் சொல்கிற மாதிரி இல்லை. நிஜமாகவே புரியாமல் கேட்கிற மாதிரி இருந்தது. பெரியப்பா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பிடித்தது வடு இருந்த கையை.

அன்று மதியம் பள்ளிக்கூடம் விட்டதும் வக்கீல் இல்லத்துக்குப் போகாமல் நலத்துறை அலுவலகத்துக்கு நடந்தாள். கிளார்க் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் கையெழுத்துப் போட்ட தாள்களை நான் பார்க்கலாமா சார் என்று கேட்டாள். அந்த ஆளுக்கு அவளை விரட்டவும் தோன்றவில்லை, உட்கார வைக்கவும் தோன்றவில்லை. சோற்றுக் கையாலேயே அலமாரியைக் காட்டினார். "மேல் தட்டு. பாத்துட்டு அதே வரிசையில வை."

அவள் நின்றுகொண்டே படித்தாள். ஒவ்வொரு ஃபைலிலும் 'குழந்தையின் கருத்து' என்று ஒரு கட்டம் இருந்தது. பட்டாணியின் ஃபைலில் அந்தக் கட்டத்துக்குள், 'உறவினருடன் செல்ல மகிழ்ச்சியுடன் சம்மதிதாள்' என்று அச்சடித்திருந்தது. 'சம்மதித்தாள்' என்பதில் ஒரு 'த்' விட்டுப்போயிருந்தது. அடுத்த ஃபைலிலும் சம்மதிதாள். அதற்கடுத்ததிலும் அதே மகிழ்ச்சி, அதே இடத்தில் அதே எழுத்து இல்லை. ஒரே வரியைச் செய்து வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒட்டியிருக்கிறார்கள். பத்தொன்பது ஃபைல் வரை பார்த்தாள். ஒரு ஃபைலில் பிறந்த தேதியைப் பார்த்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். வேறொரு இல்லத்திலிருந்த அந்தக் குழந்தைக்கு எட்டு மாதம்.

"சார், இது கைக்குழந்தை. இது எப்படி சம்மதிச்சுது?"

கிளார்க் எட்டிப் பார்த்தார். உறுத்தலே இல்லாமல் சிரித்தார். "அழுதிருக்காது. அப்போ சம்மதம்தானே?" பிறகு டப்பாவை மூடிக்கொண்டே, கொஞ்சம் அக்கறையாகக்கூடச் சொன்னார்: "நீ ஏம்மா இதையெல்லாம் மண்டையில ஏத்திக்கிறே? உன்னை ஒப்புக்குத்தான் உக்கார வெச்சிருக்காங்க. ஒரு கையெழுத்து, ரெண்டு பிஸ்கட். போய்க்கிட்டே இரு."

அவளுக்கு அவர்கள் மேல் வந்த அருவருப்பு பாதிதான். மீதிப் பாதி தன் மேலேயே வந்தது. அந்தப் பத்தொன்பதில் பதின்மூன்று அடுத்த கூட்டங்களுக்குக் காத்திருந்தவை. மீதி ஆறு தாள்களின் மூலையில் அவளுடைய பெயர், பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய கையெழுத்தில், மணிமணியாக இருந்தது. அவர்கள் நீட்டிய பிஸ்கட்டை அவள் தின்றிருக்கிறாள். மூன்று தாழ்ப்பாளைப் பார்த்துப் பல்லிளித்திருக்கிறாள். படியிறங்கும்போது மாடிக் குழாயடியில் நின்று கையைக் கழுவினாள், சோப்பு இல்லாமல், விரல் சிவக்கும்வரை.

அடுத்த கூட்டம் வர ஒரு மாதம் இருந்தது. அந்த ஒரு மாதமும் அவள் யாரோடும் வாதாடவில்லை. வார்டன் அம்மா, பொண்ணுக்குப் பொறுப்பு வந்துடுச்சு என்று சமையல்காரியிடம் மெச்சிக்கொண்டார்.

நான்காவது கூட்டத்தில் ஏழு ஃபைல்கள். வருஷ முடிவு நெருங்கிவிட்டதால் அன்று மாலை ஐந்து மணித் தபாலில் எல்லாம் மேலிடத்துக்குப் போயாக வேண்டும் என்று தலைவர் அவசரப்படுத்தினார். கிளார்க்கின் விரல் வழக்கம்போல முதல் மூலைக்கு வந்தது. வக்கீல் பேனாவை எடுத்தாள். மேலே இருந்த தாளைத் தள்ளிவிட்டு, 'குழந்தையின் கருத்து' என்ற கட்டத்துக்குக் கீழே, பெரிய எழுத்தில், 'இந்தக் குழந்தையிடம் யாரும் கேட்கவில்லை' என்று எழுதினாள். அவர் என்னவென்று குனிந்து பார்ப்பதற்குள் நான்காவது ஃபைலுக்கு வந்துவிட்டாள். ஏழாவது அவளுடைய சொந்த ஃபைல். பதினெட்டு முடிந்த மறுநாளே வெளியூர்த் துணி ஆலையின் விடுதிக்குப் போக அவள் மகிழ்ச்சியுடன் சம்மதிதாள்.

அதைப் படித்தபோது சிரிப்பு வந்தது. விட்டுப்போன 'த்'தைச் சேர்த்து எழுத்துப்பிழையைத் திருத்தினாள். அதற்குக் கீழே, 'என்னிடமும் கேட்கவில்லை' என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

இரண்டு உறுப்பினர்களும் எந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் தலைவரைப் பார்த்தார்கள். தலைவர் கோபப்படவில்லை. அவர்களை வெளியே போகச் சொன்னார். கிளார்க்கிடம், ஏழு ஃபைலையும் புதிதாக அச்செடுத்து வாருங்கள், பாப்பா கையெழுத்துப் போடுவாள் என்றார். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சென்ட் வாசனை மூக்கை அடைத்தது.

பன்னிரண்டு வயதில் கை உடைந்தபோது அவளை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனார்கள். தன் எலும்பைத் தானே பார்த்த அன்றிலிருந்து எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு ஒன்றுதான் அவளுக்கு ஆசை. அதை அவள் வார்டன் அம்மாவைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. அது தலைவரின் காதுக்குப் போயிருந்தது.

"அந்தப் படிப்புக்கு நான் ஒரு வார்த்தை சொன்னா போதும்மா. விடுதி, சாப்பாடு எல்லாம் ஆயிடும். உன் ஃபைல்ல அப்படியே மாத்தி அடிக்கச் சொல்றேன். உன் கருத்தைக் கேட்டாச்சு, பாரு. மத்த ஆறையும் நீ சண்டை போட்டு என்ன ஆகப்போகுது?"

அவளுக்குள்ளே என்னமோ ஒன்று சரி என்று சொன்னது. மூடி வைத்த பேனாவின் மேல் அவள் கை தானாகப் போய் உட்கார்ந்தது. அந்தக் கையைப் பார்த்தபோது, தலைவர் குத்தி எடுத்துத் திரும்பச் செருகிய குண்டூசியைப் பார்த்ததைவிட அதிகமாகக் குமட்டியது. கையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"பட்டாணியைக் கூட்டிட்டு வந்து கேளுங்க சார். அவ அங்கேயே இருக்கேன்னு சொன்னா நான் எல்லாத்துலயும் போடறேன்."

"அந்த ஃபைல் முடிஞ்சுபோச்சும்மா."

"ஃபைல்தான் சார் முடிஞ்சுது. அவ அங்கதான் இருக்கா."

தலைவர், பசியாக இருக்கும், சாப்பிட்டுவிட்டு யோசி என்று பிஸ்கட் தட்டை அவள் பக்கம் தள்ளினார். ஏ.சி. ஈரத்தில் பிஸ்கட்டெல்லாம் நமுத்துப்போய் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். அன்றோடு பிரதிநிதிப் பதவி போயிற்று. அடுத்த மாதத்துக்கு வேறொரு பெண்ணின் பெயர் போய்விட்டதாக வார்டன் அம்மா சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோர் முன்னாலும் அறிவித்தார். அந்தப் பெண் புது ரிப்பன் கட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஆனால் ஏழு தாள்களும் மேலே போய்விட்டன. கிளார்க்கின் நல்ல மனசால் இல்லை. அச்சு இயந்திரத்தில் மை தீர்ந்துவிட்டது. ஐந்து மணித் தபாலை விட்டால் அவர் மறுநாள் விடுமுறையில் வந்து உட்கார வேண்டும். தலைவரோ சாயங்காலம் ஏதோ விழாவுக்குக் கிளம்பிப் போய்விட்டார். மேலே இருக்கிறவர்கள் எந்தக் காலத்தில் படித்துப் பார்த்தார்கள் என்று கிளார்க் ஏழு தாளையும் உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

படித்துப் பார்க்கிற ஒருத்தி மேலே இருந்தாள் என்பது அவருடைய கெட்ட நேரம். மூன்று வாரம் கழித்து அந்த மேலதிகாரி அம்மா முன்னறிவிப்பில்லாமல் வந்து இறங்கினார். ஜலதோஷம், கையில் கைக்குட்டை, யாரைப் பார்த்தாலும் எரிச்சல். கனிவாக ஒரு வார்த்தை பேசவில்லை. அலமாரியிலிருந்த எல்லா ஃபைலையும் இறக்கச் சொல்லி, எட்டு மாதக் குழந்தையின் ஃபைலைத் தலைவர் முன்னால் பிரித்து வைத்து, சத்தமாகப் படியுங்கள் என்றார். தலைவர் படித்தார். படித்துவிட்டு, தட்டச்சுப் பிழை என்றார்.

போன பிள்ளைகள் இருக்கும் இடங்களுக்கெல்லாம் வண்டி போயிற்று. இரண்டு பேர் போன இடத்தில் சந்தோஷமாகவே இருந்தார்கள், திரும்பி வரமாட்டோம் என்றார்கள். மூன்று பேர் வண்டியைக் கண்டதும் ஏறி உட்கார்ந்துகொண்டார்கள். ஒருத்தியை அழைத்துப்போன சித்தி கொடுத்த விலாசத்தில் ஒரு பூட்டிய கோடவுன்தான் இருந்தது. அந்தப் பெண்ணை இன்றுவரை கண்டுபிடிக்கவில்லை. அவள் தாளிலும் வக்கீலின் கையெழுத்து இருந்தது.

பட்டாணி எழுபது நாள் கழித்து வந்தாள். அந்தப் பெயர் இப்போது அவளுக்குப் பொருந்தவில்லை. முகம் ஒட்டிப்போயிருந்தது. சலவைத் தூளில் ஊறி ஊறி விரல்களில் தோல் உரிந்து, நகம் வெளுத்துக் கிடந்தது. மேலதிகாரி அம்மா அவளை வார்டன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். வார்டன் அம்மாவையும் உள்ளே விடவில்லை. அரை மணி நேரம். வக்கீல் வராந்தாவில் நின்றிருந்தாள். கதவு திறந்ததும் பட்டாணி அவளைத் தாண்டி, தெரியாதவளைத் தாண்டுகிற மாதிரி நடந்துபோனாள்.

அடுத்தது வக்கீலின் முறை. மேலதிகாரி அம்மா மூக்கைத் துடைத்துக்கொண்டே, உனக்கு என்ன வேணும் என்று கேட்டார். பத்து வருஷத்தில் முதல்முறையாக ஒருவர் கேட்கிறார். நாளைக்குச் சொல்லட்டுமா என்றாள். அந்த அம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, சரி, எழுதி அனுப்பு, வேறு யாரையும் எழுத விடாதே என்றார். பரீட்சை முடியும்வரை இல்லத்தில் இருக்க அனுமதி வந்தது. எக்ஸ்ரே படிப்புக்கு அவளே விண்ணப்பம் போட வேண்டும், சிபாரிசு எதுவும் கிடையாது. அதுவே அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

தலைவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறொரு குழுவுக்கு மாற்றினார்கள். போகும்போது, பிள்ளைகளின் குரலுக்குச் செவிசாய்த்ததற்காக ஒரு கேடயம் கொடுத்தார்கள். அந்தக் கூட்டத்துக்கு இல்லத்துப் பெண்களை வரிசையாக உட்கார வைத்திருந்தார்கள். கைதட்டச் சொன்னார்கள். வக்கீல் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். புது ஃபார்ம் ஒன்றும் வந்தது. அதில் 'குழந்தையின் கருத்து' கட்டத்தை முன்பைவிடப் பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

பட்டாணி பதினைந்து நாள் அவளோடு பேசவில்லை. வக்கீலும் வலியப் போய் மன்னிப்புக் கேட்கவில்லை. எதைச் சொல்லிக் கேட்பது என்று தெரியவில்லை. பதினாறாம் நாள் மதியம், துணி காயப் போடுகிற மொட்டைமாடியில், பட்டாணி தானாக வந்து நின்றாள். ஈரத்துணியைத் தொடாமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தாள்.

"அந்த நோட்டு எங்க?"

வக்கீல் கீழே போய் எடுத்துவந்து கொடுத்தாள். பட்டாணி ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, இரண்டு கோடு போட்டிருந்த தன் வரியைக் கண்டுபிடித்தாள். எழுத்துக்கூட்டி ஒருமுறை படித்தாள். பிறகு அந்தத் தாளை மட்டும் மெதுவாக, ஓரம் பிசகாமல் கிழித்து நாலாக மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"இனிமே யாராச்சும் கேட்டா நானே சொல்லிக்கிறேன். எனக்காக நீ சொல்லாதே."

சரி என்றாள் வக்கீல். பட்டாணி நோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனாள்.